நைரோபிக்கு வந்த முதல் மாதமே பிரஷர்

கென்யாவின் மேற்குப் பக்கம், விக்டோரியா ஏரியின் வடகரைக் கிராமங்களிலிருந்து நைரோபிக்குப் பிழைப்புத் தேடி வந்த லுவோ இனத்தவரை 1980-களில் ஓர் ஆராய்ச்சிக் குழு விடாமல் பின்தொடர்ந்தது. நீல் பூல்ட்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு. நகரத்துக்கு வந்தவர்கள் 300-க்கு மேல். அவர்களோடு ஒப்பிட, அதே ஊர்ப் பக்கத்தில் அதே வயதில், ஊரைவிட்டுக் கிளம்பாத இன்னொரு கூட்டம். இரண்டு வருடம் வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். முடிவு 1990-ல் வெளிவந்தது: வந்து ஒரு மாதம் ஆவதற்குள் நகரத்துக்காரர்களின் ரத்த அழுத்தம் ஊரில் இருப்பவர்களைவிட ஏறிவிட்டிருந்தது. நாடித்துடிப்பும் கூடவே ஏறியிருந்தது. சிறுநீரைப் பரிசோதித்தால் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு.

ஒரு மாதம். எனக்கு இதுதான் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது. பிரஷர் என்றால் இருபது வருஷம் தின்றதும் உட்கார்ந்ததும் சேர்ந்து நாற்பத்தைந்து வயதில் வந்து நிற்பது என்றுதான் நாமெல்லாம் வைத்திருக்கிறோம், இங்கே என்னடாவென்றால் தொப்பை போட நேரம் கிடைப்பதற்கு முன்னாலேயே, முதல் சம்பளம் கைக்கு வருகிற சமயத்திலேயே, ரத்தக் குழாய்க்கு விஷயம் தெரிந்துவிடுகிறது.

நான் ஜோஹன்னஸ்பர்க்கில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிற ஆள். ஆனால் கூட வேலை செய்கிறவர்களில் முப்பத்தைந்து வயதுக்காரர்கள்கூட பிரஷர் மாத்திரை போடுவதைப் பார்த்துப் பார்த்து, இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. இங்கே அதற்கு 'ஹை-ஹை' என்று செல்லப்பெயரே உண்டு. "எனக்கு ஹை-ஹை இருக்கு, உப்பு போடாதே" என்று சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்வார்கள்.

சரி, கென்யாவுக்கே வருகிறேன். அந்த லுவோ ஆய்வுக்கு அறுபது வருடம் முன்பு, 1929-ல், டோனிசன் என்ற காலனி அரசு மருத்துவர் கிட்டத்தட்ட அதே ஏரிப் பக்கத்தில், தெற்கு கவிரோண்டோ என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில், ஆயிரம் ஆண்களின் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதினார். ஐரோப்பாவில் வயது ஏற ஏற அழுத்தமும் ஏறும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். இங்கே நாற்பது வயதுக்கு மேல் ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கவும் செய்தது. தன் ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக்கூட உயர் ரத்த அழுத்தம் என்று தான் எழுதவில்லை என்றார் அவர்.

இதைப் படித்தவுடன் 'ஆகா, கிராமம் என்றால் நிம்மதி' என்று முடிவுகட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1929-ல் அந்த மக்கள் குடிசை வரி கட்டிக்கொண்டிருந்தார்கள், கட்டப் பணம் இல்லாமல் வெள்ளைக்காரர் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலேரியா இருந்தது. குழந்தைகள் செத்தன. கவலை இல்லாத வாழ்க்கை என்று அதைச் சொல்லவே முடியாது. ஆனால் சாப்பாட்டில் உப்பு குறைவு, கீரையும் கிழங்கும் பயறும் வழியாகப் பொட்டாசியம் நிறைய, நாள் முழுக்க உடம்பு அசைவு. அப்புறம், தூங்கினால் தூக்கம். கவலை இருந்தால் மட்டும் பிரஷர் வந்துவிடாது, அதற்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்தப் பழைய குறிப்பும் ஒரு காரணம்.

இன்னொரு சுலபமான விளக்கத்தையும் இங்கேயே பார்த்துவிட்டுப் போகலாம். 'ஆப்பிரிக்கர்களுக்கு ஜீன் அப்படி, ரத்தத்திலேயே பிரஷர்' என்பது. ரிச்சர்ட் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1997-ல் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று இடங்களில் ஒரே முறையில் அளந்து பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. ஒரே மூதாதையர், மூன்று வாழ்க்கை, மூன்று எண். பிறகு 2005-ல் அதே கூப்பர் வெள்ளையர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜெர்மனியில் 55 சதவீதம் வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 44-ஐவிட அதிகம். ஜெர்மானியர்களைப் பற்றி யாரும் 'ரத்தத்திலேயே பிரஷர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. உப்பைச் சிறுநீரகம் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை ஆப்பிரிக்க வம்சாவளியில் கொஞ்சம் அதிகம் தெரிகிறது என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொள்வது, மருந்து தேர்ந்தெடுக்கும்போது அது முக்கியமும்கூட. ஆனால் கிராமத்தில் வராத நோய் பஸ் ஏறி நைரோபியில் இறங்கியதும் வந்தால், பஸ்ஸில் ஜீனா மாறிவிட்டது?

அப்படியானால் என்ன மாறுகிறது? நாடித்துடிப்பு ஏறியதைக் கவனியுங்கள். உப்பு மட்டும் காரணம் என்றால் நாடி வேகமாக ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆபத்து வந்தால் ஓடவோ அடிக்கவோ உடம்பைத் தயார்ப்படுத்துகிற நரம்பு மண்டலம் ஒன்று நமக்கு இருக்கிறது, பரிவு நரம்பு மண்டலம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது முடுக்கிவிடப்பட்டால் அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், சின்ன ரத்தக் குழாய்கள் இறுகும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது சிறுநீரகம். அதே நரம்புகள் சிறுநீரகத்துக்கும் போகின்றன, அங்கே போய் 'உப்பை வெளியே விடாதே, பிடித்துவை' என்று சொல்கின்றன, அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடுகிற ரெனின் என்ற பொருளையும் சுரக்க வைக்கின்றன. ஆக, டென்ஷனில் இருக்கிற உடம்பு தின்ற உப்பை வழக்கத்தைவிட அதிகமாகச் சேமிக்கும். கிராமத்துச் சாப்பாட்டில் சேமிக்க அவ்வளவு உப்பு இல்லை. நகரத்தில் காலையில் பிரெட், மதியம் வறுத்த உருளைக்கிழங்கு, ராத்திரி சூப் கட்டி கரைத்த குழம்பு. உப்பும் உளைச்சலும் தனித்தனி வழக்குகள் என்று பேசுவது எனக்கு அதனால்தான் ஒப்புவதில்லை. இரண்டும் கூட்டுக் களவாணிகள்.

தென்னாப்பிரிக்காவில் இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பொட்செஃப்ஸ்ட்ரூம் ஊரில் இருக்கும் நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தில் லியோனி மாலன் என்ற பேராசிரியர் தலைமையில் 2008-லும் 2009-லும் 409 பள்ளி ஆசிரியர்களை எடுத்துக்கொண்டார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பினத்தவர், பாதிப் பேர் வெள்ளையர். ஏன் ஆசிரியர்கள் என்றால், ஒரே மாவட்டம், ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே சம்பள அடுக்கு. 'அவர்கள் ஏழைகள், அதனால்தான்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு நாள் முழுக்கக் கையில் கருவியைக் கட்டிவிட்டார்கள், அது பகலும் இரவும் தானாகவே அளந்துகொண்டிருக்கும். ராத்திரி பல்கலைக்கழகத்திலேயே தங்க வைத்தார்கள். மறுநாள் காலை சோதனைகள்: 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது ஒன்று, ஐஸ் தண்ணீரில் பாதத்தை ஒரு நிமிடம் முக்கி வைப்பது இன்னொன்று.

கறுப்பின ஆண் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. இவர்கள் படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். சோதனையின்போது வெள்ளையர்களைவிட இவர்களுக்கு ரத்தக் குழாய்கள் இறுகுவது கூடுதலாக இருந்தது. இதயம் வேகமாக அடித்து அழுத்தம் ஏறுவது ஒரு வகை, அது சீக்கிரம் தணியும். குழாயே இறுகி அழுத்தம் ஏறுவது வேறு வகை, அதில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மாலன் குழு இன்னொன்றையும் கவனித்தது: பிரச்சினை வந்தால் ஒதுங்காமல், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்னால் நின்று சமாளிக்கிற குணம் தங்களுக்கு இருப்பதாகச் சொன்ன கறுப்பின ஆண்களிடம்தான் குழாய்களின் சேதம் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நினைவு வந்தார். பெயர் வேண்டாம். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர், முதலில் அலுவலக வேலைக்கு வந்தவர். தம்பியின் கல்லூரிக் கட்டணம், அக்கா பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, ஊரில் அம்மா வீட்டுக்குக் கூரை, யாராவது இறந்துவிட்டால் அடக்கச் செலவு (இங்கே இறுதிச் சடங்கு என்பது ஒரு கல்யாணம் மாதிரி, ஊருக்கே சாப்பாடு) எல்லாம் இவர் தலையில். இதைக் 'கறுப்பு வரி' என்று இங்குள்ளவர்களே பாதி சிரிப்பும் பாதி அலுப்புமாகச் சொல்வார்கள். அவரிடம் போய் 'உனக்கு ஸ்ட்ரெஸ்ஸா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார், ஏனென்றால் அவர் சமாளித்துக்கொண்டிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர்கள் கேள்வித்தாள் கொடுத்து மன உளைச்சலை அளப்பதில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான். சமாளிப்பவன் தன்னைச் சமாளிப்பவன் என்றுதான் எழுதுவான், உளைச்சல் உள்ளவன் என்று எழுத மாட்டான்.

அப்புறம் தூரம். நிறவெறி ஆட்சி 1950-ல் கொண்டுவந்த குழுப்பகுதிச் சட்டம் கறுப்பினத்தவரை நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி ஓரத்தில் நட்டது. ஆட்சி 1994-ல் போனது, தூரம் போகவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவாவது பரவாயில்லை, அதைவிட வெளியே புதிதாக முளைத்த குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு மினிபஸ் டாக்சி மாறி, ஏழரைக்கு வேலைக்கு வந்து நிற்கிறார்கள். எங்கள் கட்டடத்து வாசலில் இருக்கும் வயதான காவலாளியை எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம், அவர் மூன்றரைக்கு எழுகிறார். நைஜீரியாவின் லாகோஸில் கதை வேறு, விளைவு ஒன்றே: வீடு மெயின்லாண்டில், வேலை விக்டோரியா தீவில், நடுவில் கடற்காயல்மேல் கட்டிய பாலமும் அசையாத மஞ்சள் டான்ஃபோ மினிபஸ்களும். நைரோபியில் மட்டாட்டு என்கிற மினிபஸ். நம் உடம்பில் ராத்திரி தூக்கத்தில் ரத்த அழுத்தம் பத்து சதவீதமாவது இறங்க வேண்டும், இதயத்துக்கு அதுதான் ஓய்வு நேரம். நாலு மணி நேரம் தூங்கி, அதையும் துப்பாக்கிச் சத்தத்துக்கோ கதவு தட்டும் சத்தத்துக்கோ ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு அது எப்படி இறங்கும்? பகலில் கிளினிக்கில் அளந்தால் ஓரளவு சரியாக இருந்து, ராத்திரி மட்டும் இறங்காமல் நிற்கிற ஆட்களும் உண்டு, அவர்களைச் சாதாரணமாகக் கண்டுபிடிக்கவே முடியாது.

எங்கள் அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை 'வெல்னெஸ் டே' நடத்தும். மூன்று மாடி ஏறி வந்தவரை உட்கார வைத்த கையோடு பிரஷர் பார்ப்பார்கள், பேசிக்கொண்டே பார்ப்பார்கள், பருத்த கைக்கும் ஒல்லிக் கைக்கும் ஒரே பட்டை. (ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், பேசக் கூடாது, பருமனான கைக்குப் பெரிய பட்டை கட்ட வேண்டும், சின்னப் பட்டை கட்டினால் பொய்யாக அதிகம் காட்டும். உடல் பருமன் இத்தனை இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.) பிறகு ஒருவர் வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். மூச்சுப் பயிற்சிமேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் ஏழரை மணிப் பணியை ஒன்பதுக்கு மாற்றலாமா என்று கேட்ட மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜிம்பாப்வேயில் ஒரு முயற்சி உண்டு, அதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஆரம்பித்தது. கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. ஓயாத யோசனையில் தவிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து பேசலாம், பாட்டி சேர்ந்து யோசித்து ஒரு பிரச்சினையை எடுத்து வழி பார்ப்பார். முறையாகச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள், மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. பிரஷரைக் குறைக்க என்று அதைச் செய்யவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'ஸ்ட்ரெஸ் எடுக்காதே' என்ற வெற்று உபதேசத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதல்லவா? வாடகை பாக்கியா, வேலையா, புருஷனா, எதுவோ ஒன்றை எடுத்து அதற்கு வழி பார்க்கிறார்கள்.

டர்பனைப் பற்றி எழுதாமல் போனால் தமிழில் எழுதி என்ன பயன். நம்மவர்கள் 1860-ல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய ஊர் அது, இன்றும் கோவில் தேரும் காவடியும் உண்டு. அங்கே ஒய். கே. சீடாட் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் பல வருடங்கள் பிரஷர் ஆராய்ச்சி செய்தார். நகரத்து ஜுலு மக்கள் (அந்தப் பக்கத்துக் கறுப்பினத்தவர்), வெள்ளையர், இந்தியர் மூவரையும் அளந்தார்: ஜுலு மக்களில் 25 சதவீதம், வெள்ளையரில் 17, இந்தியரில் 14. கிராமத்து ஜுலு மக்களில் பத்துக்கு அருகில். அப்போது 160-க்கு 95 என்பதுதான் எல்லைக்கோடு, இன்றைய 140-க்கு 90 கணக்கில் எல்லா எண்களும் இன்னும் மேலே போகும். பிரஷர் குறைவாக இருந்த இந்தியர்களுக்குத்தான் அதே ஊரில் மாரடைப்பு அதிகம், சர்க்கரை நோயும் அதிகம். ஒரே நகரம், ஒரே கடற்காற்று. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது வேறு இடத்தில் அடிக்கிறது. சீடாட்டுக்கு முன்பே, 1963-ல், நார்மன் ஸ்காட்ச் என்ற அமெரிக்கர் டர்பனின் கறுப்பினக் குடியிருப்பையும் ஜுலு கிராமத்தையும் ஒப்பிட்டு, நகரத்துக்கு வந்தும் அதற்குப் பழகிக்கொள்ள முடியாமல் தவித்தவர்களிடம்தான் பிரஷர் அதிகம் என்று எழுதியிருந்தார். அது ஒரு பழைய ஆய்வுதான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஆய்வு.

பிரஷர் ஏறினால் கடைசியில் என்ன ஆகிறது? நாம் உடனே மாரடைப்பை நினைப்போம். இங்கே முதலில் வருவது வேறு. சொவெட்டோவின் கிறிஸ் ஹானி பாரக்வனாத் ஆஸ்பத்திரி உலகத்தின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே கேரன் ஸ்லீவா, சைமன் ஸ்டூவர்ட் ஆகியோரின் குழு 2006-ல் இதய நோயுடன் புதிதாக வந்த 1593 பேரைப் பதிவு செய்து 2008-ல் வெளியிட்டது. பெண்களே அதிகம், 59 சதவீதம். அதிகம் பேருக்கு இருந்தது இதயச் செயலிழப்பு, 44 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம். இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்து வரும் நோய், நமக்குப் பழக்கமான அந்த 'பிளாக்', இங்கே கறுப்பினத்தவரிடம் குறைவு. அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கிறது, தடித்தது விறைக்கிறது, ஒரு கட்டத்தில் தளர்ந்து வீங்கிவிடுகிறது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் இருக்காது.

ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் இதயச் செயலிழப்புடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1006 பேரை அல்பெர்தினோ டமாஸ்செனோ என்ற மொசாம்பிக் மருத்துவரின் குழு தொகுத்து 2012-ல் எழுதியது. 45 சதவீதம் பேருக்குக் காரணம் உயர் ரத்த அழுத்தம். குழாய் அடைப்பால் வந்தது 8 சதவீதத்துக்கும் குறைவு. சராசரி வயது 52. ஐரோப்பாவில் இந்த நோய் எழுபதுகளில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு வருவது. 52 என்றால் பிள்ளை இன்னும் கல்லூரியில் இருக்கும், அந்தக் 'கறுப்பு வரி' இன்னும் கட்டி முடிந்திருக்காது. ஆறு மாதத்துக்குள் கிட்டத்தட்ட ஆறில் ஒருவர் இறந்துபோனார்.

மாரடைப்பு வராது என்றும் சொல்லிவிட முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் ஆப்பிரிக்கப் பகுதி 2005-ல் வந்தது. கறுப்பின ஆப்பிரிக்கர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு முதல் மாரடைப்பு வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிட 7 மடங்கு. உலக அளவில் அதே கணக்கு சுமார் இரண்டரை மடங்குதான். அந்த ஆய்வு மன உளைச்சலையும் கேட்டது: வேலையிலோ வீட்டிலோ எந்நேரமும் டென்ஷன் என்றவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. மாரடைப்பு வந்த பிறகு போய்க் கேட்டால் யார்தான் 'டென்ஷனே இல்லை' என்பார்கள் என்று ஒருவர் வாதாடலாம், நியாயமான வாதம்தான். அதற்காகத்தான் எனக்கு அந்த லுவோ ஆய்வின்மேல் இவ்வளவு மதிப்பு, அதில் யாரையும் பழசை நினைவுபடுத்தச் சொல்லவில்லை, நடக்க நடக்க அளந்தார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்துக் கணக்கைப் பார்த்து. 2000-ல் வெளிவந்த ஆய்வு. அந்த நகரத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் தனக்கு அது இருப்பதே தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மருந்து எடுப்பவர்கள் பத்தில் ஒருவர். கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பழைய கணக்கு, இப்போது பல நகரங்களில் இதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் மண்டலங்களிலேயே உயர் ரத்த அழுத்தம் அதிகம் என்று அந்த நிறுவனம் பல வருடங்கள் சொல்லிவந்தது ஆப்பிரிக்காவைத்தான், 27 சதவீதம். வேலை நேரத்தை மாற்றுவது, வீட்டைப் பக்கத்தில் கொண்டுவருவது எல்லாம் வருடங்கள் பிடிக்கும் அரசியல். ஒரு பட்டையைக் கையில் சுற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. லுவோ ஆய்வு செய்த அதே பூல்ட்டர்தான் பிறகு 2017-ல் மே மாதம் முழுக்க உலகெங்கும் இலவசமாகப் பிரஷர் பார்க்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அவருக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உப்பு விஷயத்தில் தென்னாப்பிரிக்கா செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். 'உப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு நிற்காமல், 2013-ல் சட்டம் கொண்டுவந்து, 2016 ஜூன் முடிவிலிருந்து பிரெட்டில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள், 2019-ல் 380 ஆக்கினார்கள். பிரெட் மட்டும் இல்லை, சூப் பொடி, சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சி எல்லாவற்றுக்கும் வரம்பு. மூன்றரைக்கு எழுந்து வருகிற பாபா தன் பிரெட்டில் எவ்வளவு உப்பு என்று லேபிளைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், அவர் படிக்காமலேயே குறைந்தது. நகரத்தோடு பிரஷர் முடியவும் இல்லை. ம்புமலாங்கா மாகாணத்தின் அகின்கோர்ட் என்ற கிராமப் பகுதியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேல் இன்று உயர் ரத்த அழுத்தக்காரர்கள். டோனிசன் வந்து பார்த்தால் நம்ப மாட்டார். நகரத்துச் சாப்பாடு பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டது, நகரத்துக் கவலை செல்போனில் போகிறது.

மாத்திரை பற்றி எனக்கு மின்னஞ்சலில் கேட்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் ஆறு நாடுகளில் 728 பேரை வைத்து நடத்திய கிரியோல் சோதனை 2019-ல் வந்தது. மூன்று ஜோடி மருந்துகளை ஒப்பிட்டார்கள். அம்லோடிபினோடு நீர்மாத்திரை அல்லது அம்லோடிபினோடு பெரிண்டோபிரில், இந்த இரண்டு ஜோடியும் பெரிண்டோபிரிலும் நீர்மாத்திரையும் சேர்ந்த மூன்றாவது ஜோடியைவிட அழுத்தத்தை நன்றாகக் குறைத்தன. எல்லாமே பழைய, விலை குறைந்த மருந்துகள். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், பெரிண்டோபிரில் வகையில் வறட்டு இருமல் வரலாம், சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கும். இருமலோ கால் வீக்கமோ என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நாமாக நிறுத்த வேண்டாம். உதடு, நாக்கு வீங்கினால் அது அவசரம், மாத்திரையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே 2014-லிருந்து அரசுத் திட்டம் ஒன்றில், நிலையாக இருக்கும் நோயாளிகள் கிளினிக் வரிசையில் நாள் முழுக்க நிற்காமல் பக்கத்து மருந்துக்கடையிலேயே அரசு மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம், எச்ஐவி, பிரஷர், சர்க்கரை மருந்துகளுக்கெல்லாம் இந்த ஏற்பாடு உண்டு. பதிவு செய்துவிட்டால் போன் செய்தி வரும். பிரஷர் 'நார்மல்' ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் எங்கள் அலுவலகத்திலேயே அதிகம், அது மாத்திரையால்தான் நார்மல் ஆனது.